புது எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்பை நானே பூட் ஆகாம பண்ணின கதை

தங்கச்சி லேப்டாப்ல டிஸ்க் ஃபுல்லுன்னு வர ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் உக்காந்து டவுன்லோட் ஃபோல்டரைத் தொடச்சு, டிஸ்க் கிளீனப் ஓட்டி, எப்படியோ ஒரு நாலு ஜிபி தேத்திக் குடுப்பேன், பத்து நாள் தாங்காது, மறுபடி "அண்ணா, சி டிரைவ் செவப்பாயிடுச்சு"ன்னு வந்து நிப்பா. விண்டோஸ் அப்டேட் பாதி வரைக்கும் போயி இடம் பத்தலன்னு திரும்பி வந்துடும். அது திரும்பி வர்றதுக்கே ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள லேப்டாப்பைத் தொடக்கூட முடியாது.

ரொம்ப சாதாரண மெஷின்தான். செலரான் என்4020, 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். 64ன்னு டப்பால போட்டிருந்தாலும் விண்டோஸ்ல 58 சொச்சம்தான் காட்டும், முக்கியக் காரணம், கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுவாங்க, விண்டோஸ் 1024ஆ எண்ணும். விண்டோஸ் 11க்குக் குறைஞ்சபட்சத் தேவையே 64 ஜிபிதான், அதாவது இந்த லேப்டாப் வாங்கின அன்னிக்கே விளிம்புலதான் நின்னுட்டு இருந்துச்சு. இதுல அவ என்னத்தப் பெருசா ஏத்திட்டா, ரெண்டு மூணு சாஃப்ட்வேர், கொஞ்சம் போட்டோ, அவ்ளோதான்.

சரி, எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாம சிப்புலயே எல்லாத்தையும் வெச்சிக்கற வேகமான டிஸ்க்) மாத்திடுவோம்னு முடிவு பண்ணேன். இதுக்கு முன்னாடி என்னோட பழைய லேப்டாப்ல மாத்தின அனுபவம் இருந்ததால ஒரு மெதப்பு. அதுல இருந்தது 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க், 5400 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 5400 சுத்து. ஒரு சுத்து சுத்தவே 11 மில்லிசெகண்ட் ஆகும், அதுக்கு மேல ஹெட் நகந்து எடத்துக்குப் போகணும், அதனாலதான் அந்த மாதிரி டிஸ்க்ல பெரிய ஃபைலை காப்பி பண்ணா நொடிக்கு 100 எம்பி பக்கம் வந்தாலும், சின்னச் சின்ன ஃபைலா ஆயிரக்கணக்குல படிக்கிற பூட்டிங் மாதிரி வேலைல மூச்சு வாங்கும். அதை மாத்துறது சுலபம். யூஎஸ்பி - சாட்டா கேபிள்ல (சாட்டாங்கறது டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோட சேக்கற ஒரு வகை இணைப்பு) புது எஸ்எஸ்டியை வெளிய இருந்து மாட்டி, பழசுல இருக்கறதை அப்படியே அதுல குளோன் பண்ணி, பழசைக் கழட்டி அதே எடத்துல புதுசைச் சொருகினா முடிஞ்சுது. (இந்த 2.5 இன்ச்லயும் 9.5 எம்எம், 7 எம்எம்னு ரெண்டு தடிமன் உண்டு, எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 எம்எம்தான், லூசா இருந்தா ஒரு பிளாஸ்டிக் ஃபிரேம் வெச்சா போதும்.) அதே மாதிரிதான் இதுவும்னு நெனச்சு ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிட்டேன். பாருங்க, ஒரு மேனுவலைக்கூடப் படிக்கல.

கீழ் மூடி திறக்கறதே பெரிய பாடா இருந்துச்சு. தெரியற ஸ்க்ரூ எல்லாம் எடுத்தாச்சு, மூடி வரல. நெம்பி நெம்பி ஒரு கிளிப் டக்குனு உடைஞ்ச பிறகுதான் புத்தி வந்துச்சு, பின்பக்கம் இருக்கற ரப்பர் கால் ரெண்டையும் உரிச்சுப் பாத்தா அதுக்கடியில ரெண்டு ஸ்க்ரூ ஒளிஞ்சிட்டு இருக்கு. இந்த விலை லேப்டாப்ல இது ரொம்ப சாதாரணம். மூடி வரலன்னா பலத்தைக் காட்டாதீங்க, இன்னும் ஒரு ஸ்க்ரூ எங்கயோ இருக்குன்னு அர்த்தம். அப்புறம் கீல் பக்கம் இருக்கற ஸ்க்ரூ நீளமா இருக்கும், முன்பக்கம் குட்டையா இருக்கும், மாத்தி முடுக்கினா நீள ஸ்க்ரூ மேல்பக்க பிளாஸ்டிக்கையே குத்திட்டு வந்துடும், அதனால ஒரு பேப்பர்ல லேப்டாப் படம் மாதிரி வரைஞ்சு அந்தந்த எடத்துல செல்லோடேப்ல ஸ்க்ரூவை ஒட்டி வெச்சிக்கோங்க. நான் இதை மட்டும் ஒழுங்கா பண்ணேன்.

திறந்து பாத்தா டிஸ்க்கே இல்ல.

பேட்டரி இருக்கு, சின்னதா ஒரு மதர்போர்டு இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு. ஹார்ட் டிஸ்க்னு கழட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்பதான் உறைச்சுது, இது இஎம்எம்சி. போன்ல வர்ற மாதிரி ஸ்டோரேஜை ஒரு சிப்பா போர்டுலயே சால்டர் பண்ணி வெச்சிருப்பாங்க. அதை மாத்தணும்னா ஹாட் ஏர் வெச்சு சிப்பையே எடுத்து புதுசு வைக்கணும், அது வீட்டுல பண்ற வேலை இல்ல, அவ்ளோ காசு குடுத்துப் பண்ற அளவுக்கு இந்த லேப்டாப்புக்கு மதிப்பும் இல்ல. வேகமும் அப்படித்தான், இஎம்எம்சி 5.1ல பாதையே நொடிக்கு 400 எம்பிக்கு மேல தாங்காது, நடைமுறைல படிக்கறது அதைவிடக் கம்மி, எழுதறது இன்னும் கம்மி. நிறைஞ்சு போயிட்டா இன்னும் மோசம்.

இதை மூடியைத் திறக்காமலே தெரிஞ்சிருக்கலாம். டிவைஸ் மேனேஜர்ல டிஸ்க் டிரைவ்ஸ்ல இருக்கற மாடல் பேரை எடுத்து இன்டர்நெட்ல தேடினா அது இஎம்எம்சியா எஸ்எஸ்டியான்னு வந்துடும். 32 இல்லன்னா 64 ஜிபின்னு போட்டு விக்கிற லேப்டாப்னா கிட்டத்தட்ட இஎம்எம்சின்னே எடுத்துக்கலாம். அதோட நிறைய கம்பெனிங்க சர்வீஸ் மேனுவலை அவங்க சப்போர்ட் பக்கத்துலயே பிடிஎஃப்ஆ போட்டு வெச்சிருக்காங்க, மூடி திறக்கறதுல இருந்து எந்த ஸ்லாட்ல என்ன போகும்ங்கற வரைக்கும் அதுல படத்தோட இருக்கு. நான் படிச்சது எல்லாம் முடிஞ்ச பிறகு.

ஆனா ஒரு அதிர்ஷ்டம், போர்டோட ஓரத்துல காலியா ஒரு எம்.2 ஸ்லாட் (பட்டையா இருக்கற சின்ன எஸ்எஸ்டியைச் சொருகற எடம்) இருந்துச்சு. எல்லா லேப்டாப்லயும் இப்படி இருக்காது, சிலதுல ஸ்லாட்டுக்கான எடம் மட்டும் இருக்கும், கனெக்டரை வைக்காம விட்டிருப்பாங்க, வெறும் ஈயப்புள்ளிதான் தெரியும். அந்த மாதிரின்னா அப்படியே மூடி வெச்சிடறதுதான், வேற வழி இல்ல.

ஸ்லாட்டைப் பாத்ததும் சந்தோஷத்துல ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியை (சாட்டாவைவிட வேகமான வகை) ஆர்டர் பண்ணிட்டேன். ஸ்லாட்டோட வெட்டு பொருந்துது, நீளம் 2280க்கான எடம் இருக்கு (22 எம்எம் அகலம், 80 எம்எம் நீளம்னு அர்த்தம், 2242ன்னு குட்டையாவும் உண்டு, அளந்து பாத்துட்டு வாங்குங்க), வேற என்ன வேணும்? வந்துச்சு, சொருகினேன், அழகா உக்காந்துச்சு. ஆன் பண்ணி பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டோட செட்டிங்ஸ் திரை) பாத்தா ஒண்ணுமே காட்டல. கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, ஒரு நாலு தடவை. எஸ்எஸ்டி செத்துப்போய் வந்திருக்குன்னு கோவப்பட்டு இன்னொரு கம்ப்யூட்டர்ல போட்டா அங்க ஜம்முனு ஓடுது.

விஷயம் என்னன்னா எம்.2ங்கறது வெறும் வடிவம். அந்த வடிவத்துக்குள்ள சாட்டாவும் போகலாம், பிசிஐஇங்கற வேற பாதைல ஓடற என்விஎம்இயும் போகலாம். எம் கீன்னு சொல்ற வெட்டு உள்ள ஸ்லாட்ல ரெண்டுமே சொருகிக்கும், ஆனா போர்டுல எந்த ஒயரை அங்க கொண்டு வந்து விட்டிருக்காங்கங்கறதுதான் முக்கியம். இந்த லேப்டாப்ல சாட்டா மட்டும்தான். பொதுவா எஸ்எஸ்டில ரெண்டு வெட்டு இருந்தா சாட்டா, ஒரு வெட்டு இருந்தா என்விஎம்இன்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் சரிதான், ஆனா ரெண்டு வெட்டோட வர்ற என்விஎம்இயும் உண்டு, அதனால வெட்டை நம்பாம மாடல் விவரத்தைப் படிக்கறதுதான் நல்லது. சரி, சாட்டாவா இருந்தா வேகம் போச்சேன்னு வருத்தப்பட்டேன், அப்புறம் பாத்தா இந்த ப்ராசஸர்லயே இருக்கறது பிசிஐஇ 2.0, ஒரு லேனுக்கு (தடத்துக்கு) நொடிக்கு 500 எம்பிதான், 3500 எம்பின்னு டப்பால போட்ட என்விஎம்இ இதுல எப்படியும் அந்த வேகத்துல ஓடியிருக்காது. சாட்டால 550 பக்கம் வரும், அது இந்த செலரானுக்கு தாராளம்.

ரெண்டாவது தடவை 256 ஜிபி எம்.2 சாட்டா வாங்கினேன். வாங்கும்போது கவனிச்சது, டிஎல்சியா கியூஎல்சியான்னு (சிப்போட ஒரு செல்லுல மூணு பிட்டா நாலு பிட்டான்னு) மட்டும். கியூஎல்சி மோசம்னு இல்ல, பெருசா ஏதாவது காப்பி பண்ணும்போது கேஷ்னு இருக்கற வேகமான தற்காலிக எடம் நிறைஞ்சிட்டா ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு எறங்கிடும், அதான். ஆயுள் பத்தி எல்லாரும் பயப்படறாங்க, 100 டிபிடபிள்யூன்னு (மொத்தம் 100 டிபி எழுதலாம்னு அர்த்தம்) போட்டிருந்தாக்கூட தினம் 20 ஜிபி எழுதினாலும் 5000 நாள், பதிமூணு வருஷத்துக்கு மேல, அதுக்கு முன்னாடி இந்த லேப்டாப்போட கீலே கழண்டுடும். பேரே கேள்விப்படாத பிராண்டுல நம்ப முடியாத அளவு பெரிய சைஸ் சல்லிசா கிடைச்சா மட்டும் வாங்காதீங்க, உள்ள சின்ன சிப் வெச்சு பெருசா காட்டற டுபாக்கூர் நிறைய சுத்துது.

இப்ப ஸ்க்ரூ பிரச்சனை. எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வா சொருகி மறுமுனையைக் கீழ அமுக்கி ஒரு குட்டி ஸ்க்ரூவால பிடிக்கணும், விட்டா மேல தூக்கிட்டு நிக்கும். அந்த ஸ்க்ரூ எஸ்எஸ்டியோடயும் வரல, லேப்டாப்லயும் இல்ல. எம்2 அளவு (2 எம்எம் தடிமன், ஸ்லாட்டோட எம்.2 வேற), 3 எம்எம் நீளம், இத்துனூண்டு சாமான், அதுக்காக ரெண்டு நாள் காத்திருந்தேன். எஸ்எஸ்டி ஆர்டர் பண்ணும்போதே அதையும் சேத்துப் போட்டுடுங்க. ஆங், இன்னொண்ணு, எதைத் தொடறதுக்கு முன்னாடியும் பேட்டரி கனெக்டரைக் கழட்டிடணும், ஷட்டவுன் பண்ணா போர்டுல கரன்ட் இல்லன்னு ஆகாது. கனெக்டரை ஒயரைப் பிடிச்சு இழுக்காம, ரெண்டு பக்கமும் நகத்தால கொஞ்சம் கொஞ்சமா தள்ளுங்க.

பயாஸ்ல இந்தத் தடவை எஸ்எஸ்டி தெரிஞ்சுது. மொதல்ல வழக்கம்போல குளோன் பண்ணேன். இங்கதான் இஎம்எம்சி லேப்டாப் வேற மாதிரி. ஹார்ட் டிஸ்க்னா குளோன் பண்ணிட்டு பழசைக் கழட்டி வெளிய வெச்சிடுவோம், இங்க பழசு உள்ளயே ஒட்டிட்டு இருக்கு. ஒரே அடையாள நம்பரோட ரெண்டு டிஸ்க் ஒரே மெஷின்ல இருந்தா விண்டோஸ் குழம்பி ஒண்ணை ஆஃப்லைன்ல தள்ளிடும். தள்ளுச்சு. அதுமட்டும் இல்லாம குளோன் பண்ணின எஸ்எஸ்டில சி டிரைவுக்கு அடுத்தாப்ல ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸைச் சரிபண்றதுக்கான தனிப் பகுதி) வந்து குறுக்க உக்காந்துக்கிச்சு, மிச்ச எடத்தை சி கூட சேக்கணும்னா அதை நகத்தணும். போதும்டா சாமின்னு புதுசா இன்ஸ்டால் பண்ணிடலாம்னு எறங்கிட்டேன், எப்படியும் பழைய விண்டோஸ்ல நாலு வருஷக் குப்பை.

என் கம்ப்யூட்டர்ல ஒரு 8 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸ் 11 இன்ஸ்டாலரைப் போட்டேன். பென்டிரைவ்ல இருந்து பூட் பண்றதுக்காக பயாஸ்ல செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் ஃபைலை மட்டும் ஓட விடற பாதுகாப்பு) நோண்டினேன், உண்மையில அதைத் தொட வேண்டிய அவசியமே இல்ல, அப்புறம் ஒரு ஃபைல் எடுக்கறதுக்காகப் பழைய விண்டோஸுக்குள்ள போனா நீலத் திரைல ரெக்கவரி கீ கேக்குது, 48 இலக்கம். தங்கச்சி முகம் வெளுத்துடுச்சு. "அண்ணா, என் ப்ராஜெக்ட் எல்லாம் இதுலதான் இருக்கு." விண்டோஸ் ஹோம்லயும் டிஸ்க்ல இருக்கறதைப் பூட்டி வெக்கற டிவைஸ் என்க்ரிப்ஷன்னு ஒண்ணு தானா ஆன் ஆகி இருக்கும், நமக்கே தெரியாது. அவ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணியிருந்ததால கீ அந்த அக்கவுன்ட்லயே பத்திரமா இருந்துச்சு, போன்ல பாத்து ஒவ்வொரு நம்பரா அடிச்சோம். பயாஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி அந்தக் கீயை எடுத்து எழுதி வெச்சிக்கோங்க, இல்ல என்க்ரிப்ஷனையே ஆஃப் பண்ணிடுங்க. ஃபைல் எல்லாம் ஒரு வெளி டிஸ்க்ல காப்பி எடுத்த பிறகுதான் நான் மேற்கொண்டு போனேன்.

இன்ஸ்டால் சுமுகமா போச்சு. நடுவுல வைஃபை டிரைவர் இல்லன்னு நின்னுடுச்சு, செட்டப்போ இன்டர்நெட் இல்லாம நகர மாட்டேங்குது, போனை யூஎஸ்பில சொருகி டெதரிங் ஆன் பண்ணினதும் வழி விட்டுடுச்சு. ஆக்டிவேஷனும் தானா ஆச்சு, லைசன்ஸ் மதர்போர்டோட சேந்தது, டிஸ்க் மாத்தினா போகாது.

ஒரு வாரம் எல்லாம் நல்லா ஓடுச்சு. அப்பதான் நான் சும்மா இருக்காம, அந்தப் பழைய 58 ஜிபி இஎம்எம்சி வீணா கெடக்கே, தொடச்சு ஒரு டி டிரைவா குடுத்துடலாம்னு கிளம்பினேன். விண்டோஸோட டிஸ்க்பார்ட் கருவில, டிஸ்க்கையே தொடைக்கற கிளீன் கமாண்ட் குடுத்தேன், முடியாது, இந்த டிஸ்க்ல சிஸ்டம் வால்யூம் இருக்குன்னு மறுத்துடுச்சு. கம்ப்யூட்டரே கையைப் பிடிச்சுத் தடுக்குது. எனக்கு என்ன திமிரு பாருங்க, அதெல்லாம் பழைய விண்டோஸோட மிச்சம்தானே, இது உளறுதுன்னு நானே முடிவு பண்ணி, லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி ஜிபார்ட்டட்ங்கற பார்ட்டிஷன் கருவில இஎம்எம்சில இருந்த எல்லா பார்ட்டிஷனையும் அழிச்சேன்.

ரீஸ்டார்ட் பண்ணா நேரா பயாஸ்ல போய் நிக்குது. பூட் பண்ண ஒண்ணுமே இல்லையாம்.

நடந்தது இதுதான். யூஇஎஃப்ஐ (பயாஸோட புது வகை) மெஷின்ல விண்டோஸ் பூட் ஆகணும்னா இஎஃப்ஐ பார்ட்டிஷன்னு ஒரு குட்டிப் பகுதி வேணும், பூட் ஃபைல் அதுலதான் இருக்கும். நான் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் பண்ணும்போது, இன்ஸ்டாலர் ஏற்கனவே இஎம்எம்சில ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கறதைப் பாத்து, அதான் இருக்கேன்னு பூட் ஃபைலை அங்கயே போட்டுடுச்சு. விண்டோஸ் மொத்தமும் புது வீட்டுல, வாசல் சாவி மட்டும் பழைய வீட்டுல. நான் பழைய வீட்டை இடிச்சுட்டேன். ஹார்ட் டிஸ்க் லேப்டாப்ல பழசைக் கழட்டி வெச்சுட்டு இன்ஸ்டால் பண்றதால இது வராது, கழட்டவே முடியாத இஎம்எம்சிலதான் இந்தக் கூத்து.

நல்லவேளை டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகல. சரிபண்ண ரீஇன்ஸ்டால் தேவையும் இல்ல. விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி, மொதல் திரைலயே ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேத்து அமுக்கினா கமாண்ட் விண்டோ வரும். டிஸ்க்பார்ட்டுக்குள்ள போய் எஸ்எஸ்டில விண்டோஸ் பார்ட்டிஷனை ஒரு 300 எம்பி சுருக்கி, அந்த எடத்துல 260 எம்பிக்கு இஎஃப்ஐ வகை பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணி, எஸ்னு ஒரு எழுத்து குடுத்து வெளிய வரணும். அப்புறம் பிசிடிபூட் கமாண்ட்ல விண்டோஸ் ஃபோல்டர் எங்க இருக்கு, பூட் ஃபைலை எந்த டிரைவ்ல எழுதணும், யூஇஎஃப்ஐ வகைன்னு மூணையும் குடுத்தா ஒரே நொடில எழுதிடும். இங்க ஒரு பொறி இருக்கு, இன்ஸ்டாலருக்குள்ள சி டிரைவ்னு காட்டறது உங்க சி டிரைவா இருக்கணும்னு அவசியம் இல்ல, டின்னோ ஈன்னோ மாறியிருக்கும், உள்ள விண்டோஸ் ஃபோல்டர் இருக்கான்னு பாத்துட்டு அந்த எழுத்தைப் போடுங்க. எனக்கு மொத தடவை ஃபெயிலானது இதனாலதான்.

திரும்பப் பண்ணினா எப்படிப் பண்ணுவேன்னு யோசிச்சேன். சில பயாஸ்ல இஎம்எம்சியை டிஸேபிள் பண்ண ஒரு ஆப்ஷன் இருக்கு, இருந்தா இன்ஸ்டாலுக்கு முன்னாடியே அதைப் போட்டுடறது உத்தமம். இல்லன்னா ஃபைலை எல்லாம் வெளிய எடுத்த பிறகு, இன்ஸ்டாலர்லயே இஎம்எம்சி பார்ட்டிஷன் எல்லாத்தையும் மொதல்ல அழிச்சுட்டு எஸ்எஸ்டியோட காலி எடத்துல இன்ஸ்டால் பண்ணுவேன். எது பண்ணாலும் முடிச்சதும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்ங்கற பேரு எந்த டிஸ்க் வரிசைல இருக்குன்னு ஒரு பார்வை பாத்துடணும். அஞ்சு செகண்ட் வேலை.

வேகம் எப்படி இருக்குன்னு கேட்டா, பூட் ஆகறது கணிசமா கொறஞ்சுது, ஆனா அதைவிட எனக்குப் பெருசாத் தெரிஞ்சது வேற. 4 ஜிபி ராம்தானே, நாலு டேப் திறந்தாலே விண்டோஸ் ராம்ல இருக்கறதைத் தூக்கி டிஸ்க்ல பேஜ் ஃபைல்ல போட ஆரம்பிக்கும். முன்னாடி அந்த நேரத்துல மவுஸே நின்னு நின்னு போகும், ஏன்னா நிறைஞ்சு போன இஎம்எம்சில சின்னச் சின்னதா எழுதறதுதான் அதோட பலவீனமே. இப்ப அதே தள்ளுமுள்ளு எஸ்எஸ்டில நடக்குது, நமக்குத் தெரியறது இல்ல. ராம் இந்த போர்டுல சால்டர் பண்ணினதுதான், கூட்ட முடியாது, அதனால இந்த ஒண்ணுதான் எங்களுக்கு இருந்த வழி. ஆனா ப்ராசஸர் அதே ரெண்டு கோர்தான், வீடியோ கால்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணா இன்னும் திணறத்தான் செய்யுது, எஸ்எஸ்டி போட்டா அது மாறும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

இஎம்எம்சி இப்ப டி டிரைவா இருக்கு, தங்கச்சி அதுல போட்டோ வெச்சிக்கறா. பேக்கப்னு சொல்லிக்கறா, ஒரே லேப்டாப்புக்குள்ள ரெண்டு காப்பி இருக்கறது பேக்கப் இல்லம்மான்னு நானும் சொல்லிட்டுதான் இருக்கேன். தப்பா வாங்கின என்விஎம்இயைத் திருப்பிக் குடுக்கற தேதியும் தாண்டிப் போச்சு, அதை ஒரு யூஎஸ்பி என்க்ளோசர்ல போட்டு நான் வெளி டிஸ்க்கா வெச்சிக்கிட்டேன். என்க்ளோசர் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அது சாட்டாவுக்கா என்விஎம்இக்கான்னு மூணு தடவை படிச்சேன்.